கை மீண்டும் உயரும்



பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் சகோதரிகள் பலர் ஒரு குறை சொல்வதுண்டு. "தலை பின்ன முடியவில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை" என்பார்கள். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருப்பார்கள். நாளாக ஆகக் கை மேலே எழும்பாது.

இது தோள்பட்டை இறுக்கம். டாக்டர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள். உறைந்த தோள் என்று பொருள். 1934-ல் அமெரிக்க டாக்டர் காட்மன் வைத்த பெயர் இது.

இது ஏன் வருகிறது? தோள் மூட்டைச் சுற்றிப் பைபோல ஓர் உறை இருக்கிறது. அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிப்போன சட்டையைப் போட்டால் கையைத் தூக்க முடியுமா? அதுபோலத்தான்.

40 முதல் 60 வயது வரை உள்ளவர்களுக்கு இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் அதிகம். ஆகவே தோள் இறுகினால் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலி வரும். பிறகு இறுக்கம். கடைசியில் மெல்ல இளகும். இதற்கு ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம். கூலிக்குப் போகிறவர் சும்மா காத்திருக்க முடியுமா?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். சிவாஜி நகரில் பவுரிங் மருத்துவமனை இருக்கிறது. ஜெயநகரில் சஞ்சய் காந்தி எலும்பு மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் அரசு மருத்துவமனைகள். வலிக்கு மாத்திரை தருவார்கள். தேவையானால் மூட்டில் ஊசி போடுவார்கள். அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை கூடலாம். சர்க்கரை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

டாக்டர் சரி என்றால் வீட்டிலும் பயிற்சி செய்யுங்கள். முதலில் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். சூட்டைப் பார்த்து வையுங்கள்.

ஒன்று: நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனியுங்கள். வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல்போல் மெல்ல ஆட்டுங்கள்.

இரண்டு: சுவரைப் பார்த்து நில்லுங்கள். எறும்பு ஊர்வதுபோல் விரல்களைச் சுவரில் மேலே ஏற்றுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். நாம் கற்ற எழுத்து இதற்கும் உதவும்.

மூன்று: முதுகுக்குப் பின்னால் துண்டை இரு கைகளாலும் பிடியுங்கள். மேலே இருக்கும் நல்ல கையால் மெல்ல இழுங்கள்.

தினமும் இரண்டு, மூன்று வேளை செய்யுங்கள். லேசான இழுப்பு இருக்கலாம். கடும் வலி வந்தால் நிறுத்துங்கள். யாரும் கையை முரட்டுத்தனமாக இழுத்துவிட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தோள் வலியோடு நெஞ்சை அழுத்தினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். விழுந்து அடிபட்டாலும், தோள் வலியோடு காய்ச்சல் வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

சகோதரிகளே, இன்று சுவரில் ஒரு கோடு போடுங்கள். சில வாரம் கழித்து அதற்கு மேலே ஒரு கோடு விழும். மனம் தளர வேண்டாம். கை மீண்டும் உயரும்.