பதுளை நம் ஊர் என்பதற்குச் சான்று எங்கே?

பதுளையில் ஆற்றிய உரை



"ஊர்" என்ற சொல்லுக்கு நம் பாட்டனார் காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. திருச்சியோ, சேலமோ, இராமநாதபுரமோ, கடலுக்கு அப்பால் விட்டுவந்த மண்ணையே அவர்கள் ஊர் என்றார்கள். தாம் பிறந்து வளர்ந்து உழைத்து மடிந்த இடத்தைத் "தோட்டம்" என்றார்கள். இன்று அந்த ஊரில் நமக்கு உறவினருமில்லை, ஓலைக் குடிசையுமில்லை. ஆயின், இந்தத் தோட்டத்தையேனும் ஊர் என்று அழைக்கும் உரிமை நமக்கு முழுமையாகக் கிட்டியிருக்கின்றதா? இதனையே இன்று நாம் ஆராய விரும்புகின்றோம்.

பதுளை பழம்பெரும் நகரம். முதியங்கணை விகாரையும் கதிர்காம தேவாலயமும் அதன் தொன்மைக்குச் சாட்சி. 1818ஆம் ஆண்டில் ஊவாக் கிளர்ச்சியை வெள்ளையர் அடக்கியபோது இம்மாகாணத்துச் சிங்கள விவசாயிகள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத கிராமத்தவரின் காடுகளையும் சேனைகளையும் முடியின் சொத்தாக்கியது. அந்த நிலத்தில்தான் முதலில் கோப்பியும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலையும் எழுந்தன. கிராமத்தவன் நிலத்தை இழந்தான். அந்நிலத்தைக் கொத்தப் போன தமிழனுக்கோ நிலம் கிடைக்கவே இல்லை. ஒரே மலைச்சரிவில் நிகழ்ந்த இவ்விரண்டு அநீதிகளையும் ஒருசேர நினைவு கொள்வோமாயின், சிங்கள அயலவரும் நாமும் ஒருவரையொருவர் பகைக்கக் காரணமே இல்லை என்பது தெளிவாகும்.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் லிப்டன் தம்பேதன்னைத் தேயிலை ஆலையைக் கட்டினார். 1894இல் பண்டாரவளைக்கு வந்த புகைவண்டி, 1924இல் பதுளையை அடைந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்றால் ஊவாத் தேயிலைக்கு ஏறும் நறுமணத்தை உலகமெங்கும் விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த மணத்தைக் கொழுந்து கொழுந்தாகக் கிள்ளிக் கூடையில் இட்ட கைகளோ பத்தடிக் காம்பராவில் முடங்கின.

ஆயினும், நம் மக்கள் வெறும் கூலிக் கூட்டமாக வாழவில்லை. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்குச் சென்ற அதே மக்கள், மாலையில் கோயில் முற்றத்தில் சமுதாயமாகக் கூடினார்கள். மாசியில் காமன் கூத்து. மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியும் தப்பும். பொன்னர் சங்கர் கதை கேட்ட நீண்ட இரவுகள். செக்ரோலில் ஒரு நாட் சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லிக் கட்டிய கோயில்கள் அவை. ஹாலி-எலைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், ஒரு தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடி, லயத்து வாழ்வை இலக்கியமாக்கினார். 2022இல் அவர் மறைந்தார். அவர் சூடிய பெயர் மறையவில்லை.

அரசியல் உணர்விலும் ஊவா பின்தங்கியதில்லை. 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தார் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபையொன்றை அமைத்தனர். அச்சபையைக் கலந்து நடக்கத் துரையும் இசைந்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பெற்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார்.

அதன் பின் வந்தது இருள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் குடியுரிமையைப் பறித்தது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. 1952இல் பாராளுமன்றத்தில் நம்மவர் ஒருவரும் இல்லை.

சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து வைத்தது போலத் தோற்றமளித்தது. 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டுமென்று அது விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏறத்தாழ 1,34,000 பேரே பிரசைகளாகப் பதியப்பட்டனர். மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்தவனுக்கு வாழ்ந்ததாகக் காட்டக் கடதாசி இல்லை! மலையறியும், மரமறியும், மாரியம்மன் அறிவாள். ஆனால் ஆணையாளர் முன்னிலையில் மலையும் மரமும் சாட்சி சொல்லவில்லை.

1964இல் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை நம்மை எண்ணிக்கையாக்கிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. கடையும் வீடும் எரியும்போது அவற்றினுள் இருக்கும் கடதாசிகளும் எரிகின்றன என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்ற நிலை ஒருவாறு நீங்கியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன.

குடியுரிமை வந்தது, குடியிருக்கும் நிலம் வந்ததா? 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. லயம் லயமாகவே இருந்தது. 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. லயம் அப்போதும் லயமே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் ஒரு பாதையோ கிணறோ அமைக்கத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரை நாம் சபைக்கு வாக்களித்தோம். சபையோ நம் வாசலுக்கு வர இயலவில்லை.

நிலமின்மையின் விலை என்னவென்பதைக் கொஸ்லந்தை மீரியபெத்தை நமக்குக் காட்டியது. அந்த மலை சரியுமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை இருந்தது, எழுந்து செல்லச் சொந்த நிலம் இல்லை. தன் காணியில் வாழ்பவன் அதனை விற்றேனும் வேறிடம் நாடுவான். பிறர் லயத்தில் வாழ்பவன் எவர் உத்தரவுக்குக் காத்திருப்பான்?

"வயிறு காயும்போது வரலாறு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நேர்மையாகவே விடை கூறுவோம். நீண்டகாலக் குடியிருப்பு மாத்திரம் நமக்குக் காணியுரிமை தாராது. தோட்டக் காணி பெரும்பாலும் அரசினுடையது. அரச காணிக்கு எதிராக ஆட்சியுரிமை சாதிக்கச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே நீதிமன்றத்தில் வரலாறு உறுதியாகாது. ஆனால் உறுதி வேண்டுமென்று கேட்கும் மனுவுக்கு அதுவே உயிர். யாருக்கு, எவ்விடத்தில், எத்தனை பேர்ச் என்று அரசாங்கம் தீர்மானிக்கும் நாளில், "இக்குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே வாழ்ந்தது" என்று எழுத்தில் காட்டுவோர் முன்நிற்பர். காட்ட இயலாதோர் 1949இன் கதையை மீண்டும் காண்பர்.

எனவே ஆசிரியர்களையும், எழுதுவினைஞர்களையும், வைத்தியர்களையும், சட்டத்தரணிகளையும் நாம் வேண்டுவது இதுவே. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை எங்கணும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வரலாற்றேடு எழுதுங்கள். பாடசாலைச் சேர்வு இடாப்பு, கோயில் வரவு செலவுக் கணக்கு, மயானத்துக் கல்லறைப் பெயர்கள், பழைய பற்றுச்சீட்டு, பிறப்பு மணப் பதிவுகள் ஆகியவற்றைப் பிரதி செய்து, ஒன்றை ஊரிலும் ஒன்றை நகரிலும் வையுங்கள். முதியோர் கண் மூடுமுன் அவர்கள் வாய்மொழியைப் பெறுங்கள்.

வேளாண்மை செய்வோரே, மண்ணை நீங்களே அறிவீர்கள். எந்தச் சரிவு வெடித்திருக்கின்றது, எந்த ஊற்று இடம் மாறியது, எந்தத் துண்டில் மரக்கறி விளையும் என்பவற்றையும் அதே ஏட்டிற் பதியுங்கள். நாளை வீட்டுக்கு நிலம் குறிப்போர் அதனைப் பாராது போகக் கூடாது.

இன்னுமொன்று. மேடையில் கையளிக்கும் பத்திரமெல்லாம் உறுதியன்று. நில அளவைப் படம் உண்டா, எல்லை குறிக்கப்பட்டதா, காணி வழங்க அதிகாரமுடையவர் ஒப்பமிட்டாரா, காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா என்ற நான்கையும் கேளுங்கள். கணவன் பெயரோடு மனைவி பெயரும் இருக்கின்றதா என்று ஐந்தாவதாகக் கேளுங்கள். கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் உறுதியில் இல்லாவிடின் அந்த உறுதி பாதியே.

நாம் எவரிடமும் சலுகை யாசிக்கவில்லை. எவர் நிலத்தையும் பறிக்க எண்ணவில்லை. உழைத்த மண்ணில் ஒரு வாசல், அவ்வாசலுக்கு ஓர் இலக்கம், அவ்விலக்கத்துக்கு வரும் ஒரு கடிதம்: இவ்வளவே நாம் கேட்பது. அதனைக் கேட்கும் மனுவை இன்றே எழுதத் தொடங்குவோம்.