யந்திரம் போட்ட மார்க்கு

(ஆசிரியர்கள் கூட்டமொன்றில் பேசியது)



சர்க்கார் பள்ளிக்கூடங்களில் செயற்கை அறிவு யந்திரத்தை எப்படிப் பொறுப்போடு உபயோகிப்பது என்பதுபற்றிப் பேசச் சொன்னார்கள். நான் யந்திரத்திற்கு விரோதி அல்ல. ஒரே ஆசிரியர் அறுபது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் இடத்தில், யந்திரம் ஒரு கணக்கை நாலு விதமாக அலுப்பில்லாமல் விளக்குமானால், அதை வேண்டாமென்பவன் ஏழைப் பிள்ளைகளுக்கு வேண்டியவனாக மாட்டான். ஆனால் அதுவே பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்தால் என்ன ஆகும்?

இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். 2020-ஆம் வருஷம் கொரோனாவால் அங்கே ஏ லெவல் பரீட்சை நடக்கவில்லை. யூனிவர்சிட்டிக்குப் போவதற்கு அந்தப் பரீட்சைதான் வாசல். ஆகவே ஆசிரியர்களே ஒவ்வொரு பிள்ளைக்கும் கிரேடு போட்டு, வரிசையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியர் தாராளமாகப் போட்டிருப்பார் என்று, ஆஃப்குவால் என்ற பரீட்சை மேற்பார்வை இலாகா ஒரு கணக்குமுறையைக் கொண்டு அதைத் திருத்திற்று. அது இன்றைய செயற்கை அறிவல்ல. வெறும் புள்ளிவிவரக் கணக்குத்தான். ஆனாலும் அது செய்த காரியத்தைக் கேளுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் முந்தின வருஷங்களில் படித்தவர்கள் என்ன வாங்கினார்கள் என்று பார்த்து, பெரும்பாலும் அந்த அளவிலேயே இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கும் பங்கு போட்டது. "உனக்கு முன்னே இருந்தவன் உயரவில்லை, ஆகையால் நீயும் உயரமாட்டாய்" என்பதே இதன் தாத்பரியம். நம் நாட்டில் இதற்குத் தலையெழுத்து என்று பெயர். பிறந்த இடத்தைப் பார்த்துப் புத்தியை அளப்பது நமக்குப் புதிதா?

மிகச் சிறிய வகுப்புகளுக்கு மாத்திரம் ஆசிரியர் சொன்னதே நின்றது. சிறிய வகுப்பு யாருக்கு வாய்க்கும்? பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளிக்கூடங்களில்தான் அது அதிகம். ஆகஸ்டு 13-இல் முடிவு வந்தபோது, ஆசிரியர்கள் போட்ட கிரேடுகளில் 100-க்கு 39 குறைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 17-இல் சர்க்கார் கணக்கைக் கைவிட்டு, ஆசிரியர் கிரேடையே ஒப்புக்கொண்டது. அப்போதைய பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் கணக்குமுறையின் தலையில் பழியைப் போட்டார். கணக்கு தானாகவா வந்து உட்கார்ந்துகொண்டது?

இப்போது வேறொரு வித்தை. கட்டுரையைப் பிள்ளை எழுதினானா, யந்திரம் எழுதிற்றா என்று கண்டுபிடிக்க இன்னொரு யந்திரம் விற்கிறார்கள். 2023-இல் ஸ்டான்போர்டு யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை அப்படிப்பட்ட 7 கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியில் பாதிக்கு மேற்பட்டவை யந்திரம் எழுதியவை என்று வந்தது! தெரிந்த கொஞ்சம் வார்த்தைகளை வைத்து எளிமையாக எழுதினால், அது யந்திரத்தின் நடையாக அதற்குத் தோன்றுகிறதாம். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ கம்பெனியே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவி சரியாக வேலை செய்யவில்லையென்று அவ்வருஷம் ஜூலையில் எடுத்துவிட்டது. பூசாரியே கைவிட்ட சாமிக்கு நாம் ஏன் சூடம் கொளுத்த வேண்டும்?

யந்திரம் பாடம் சொல்லட்டும். மார்க்கு போட்டால், அதன் கீழே ஒரு மனிதர் கையெழுத்துப் போட வேண்டும். தாயோ தகப்பனோ வந்து ஏன் குறைந்தது என்று கேட்டால் அவர் காரணம் சொல்ல வேண்டும். "யந்திரம் சொல்லிற்று" என்பது "சாஸ்திரம் சொல்லிற்று" என்பதைவிட எந்த விதத்தில் உயர்ந்த பதில்? பிள்ளையின் பெயரையும் வீட்டுச் சங்கதியையும் கம்பெனி யந்திரத்தில் கொட்டவே கூடாது. அது அடுத்த வார்த்தை எதுவாயிருக்கும் என்று ஊகித்துக் கோக்கிறதேயொழிய, மெய் பொய் பார்த்துப் பேசுவதில்லை. பொய்யையும் அதே தைரியத்தோடு சொல்லும். இதை முதல் பாடமாகச் சொல்லி, அது சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நல்ல மார்க்கு போடுங்கள்.

இனி ஆசிரியத் தோழர்கள் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.