போனில் எழுதும் குறிப்பும் நம்முடைய கணக்கும்

(வவுனியாவில் வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்பில் படிக்கிறவர்களுக்கும் படிப்பிக்கிறவர்களுக்கும் ஆற்றிய உரை. தோட்டத்து வாசகர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மலையகத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தால் வேற்றூருக்கு வந்த எண்ணம் நமக்கு வருவதில்லை. இங்கே முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நம்ம ஆட்கள். 1970களில் தோட்டங்களில் பஞ்சம் வந்தபோதும், 1977 கலவரத்திலும், 1983 இலும் லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு வன்னிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அந்த நாளில் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாவில் இருந்துதான் வேலை செய்தது. வந்தவர்களைக் குடியமர்த்தியது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தியது. 1983 இல் இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் ஜூலை 27ந் திகதி வெலிக்கடைச் சிறைக்குள் டொக்டர் கொல்லப்பட்டார். இளையவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்லிவிட்டு விசயத்துக்கு வருகிறோம்.

அப்படி வந்த தலைமுறைக்கு இருக்க இடம் கிடைத்தது. படிப்புத்தான் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1977 அளவில்தான். அதற்கு முன்னால் ஒரு மடுவம், ஒரு வாத்தியார், அவ்வளவுதான். இங்கே வந்த பிறகோ யுத்தம், இடப்பெயர்வு. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இலட்சக்கணக்கான சனம் கூடாரத்தில் இருந்தபோது யார் யாருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது? ஆகவே 50 வயதில் 'அ' எழுத வந்திருக்கிறோமே என்று ஒருவரும் தலை குனிய வேண்டியதில்லை. படிக்காமல் விட்டது நம்முடைய சோம்பேறித்தனத்தால் அல்ல.

இப்போது வகுப்பு நடத்துகிற தங்கைமார் நம்மிடம் கேட்டது இதுதான். "ஐயா, படிக்க வருகிறவர்கள் எல்லோர் கையிலும் டச் போன் இருக்கிறது. போனில் குறிப்பு எழுதுகிற அப் ஒன்றைப் பழக்கினால் என்ன? கொப்பி, பேனை தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லையே?"

பழக்கலாம். பழக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த முறையில், எதற்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1991 அளவில் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மா. எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் பழக்கினார்கள். வயல் வேலைக்காரிகள், கல் உடைக்கிறவர்கள் எல்லோரும் சைக்கிளில் ஏறினார்கள். ஏறத்தாழ 1 இலட்சம் பெண்கள் பழகினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரில் சிரித்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் சந்தைக்குப் போக, தண்ணீர் கொண்டுவர, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் அந்தப் பெண்கள் போய் வந்தார்கள். அங்கே சைக்கிள் வந்ததால் எழுத்து வகுப்பை மூடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே போயின. இன்றைக்குப் போனை அந்தச் சைக்கிள் மாதிரிதான் நாம் நினைக்கிறோம்.

சைக்கிளை நாம்தான் மிதிக்க வேண்டும். போன் அப்படியில்லை, நமக்குப் பதிலாகத் தானே எழுதிவிடும். 2017 ஆகஸ்டில் கூகிள் கம்பனி தமிழில் பேசினால் எழுதிக்கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மைக் படத்தை அமர்த்திவிட்டுப் பேசினால் எழுத்து வரிசையாக வந்து விழும். பார்க்கப் பெரிய அதிசயம். எழுதத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்லது ஏது என்று பலர் சொல்கிறார்கள்.

நமக்கு அதில் ஒரு பயம் உண்டு. நம்முடைய தாத்தாமார், பாட்டிமார் எப்படிக் கைநாட்டு வைத்தார்கள்? கணக்கப்பிள்ளை எழுதுவார், "இந்த இடத்தில் வை" என்பார், வைத்தார்கள். எழுதினது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. போன் எழுதிக்கொடுத்ததை நமக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் போனும் ஒரு கணக்கப்பிள்ளைதான். பதினேழு என்று நாம் சொன்னதைப் பதினெட்டு என்று அது எழுதினால் யார் கண்டுபிடிப்பது? நம்ம தோட்டத்துப் பேச்சையோ வன்னிப் பேச்சையோ அது எப்போதும் சரியாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. மேலும் பேசி எழுதுவதற்குப் பெரும்பாலும் டேட்டா வேண்டும். பள்ளத்து லயங்களில் சிக்னல் எங்கே இருக்கிறது?

அதனால் நாம் சொல்லும் முறை இது. வாசிக்கப் பழகும்வரை மைக்கைத் தொட வேண்டாம். எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தபிறகு தாராளமாகப் பேசுங்கள்; ஆனால் பேசி முடித்ததும் எழுத்து எழுத்தாக வாசித்துப் பாருங்கள், பிழையை நீங்களே திருத்துங்கள். அந்தத் திருத்துகிற வேலையே நல்ல பாடம்.

எந்த அப்? இதற்கென்று காசு கொடுத்து ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. கூகிள் கீப் என்று ஒன்று இருக்கிறது. சில போன்களில் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டால் சும்மா இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்திலும் அதில் எழுதலாம். சிக்னல் வந்ததும் தானே சேர்த்து வைத்துக்கொள்ளும். குறிப்புக்கு நிறம் கொடுக்கலாம். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனால் மெதுவாக வாசிக்கிறவர்களுக்குப் பெரிய உதவி. வேலைக் கணக்குப் பச்சை, கடன் கணக்கு மஞ்சள், கிளினிக் திகதி நீலம் என்று வைத்துக்கொண்டால் தேடித் திரியத் தேவையில்லை. விரலால் படம் வரைகிற இடமும் உண்டு. படிப்பிக்கிறவர்கள் முதல் நாள் அந்த இடத்தைத்தான் திறந்து கொடுக்க வேண்டும். சிலேட்டில் எழுதுகிற மாதிரி விரலால் 'அ' எழுதட்டும், தன் பெயரை எழுதட்டும். கீபோட் பிறகு வரட்டும்.

கீபோட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. படிப்பிக்கிறவர்களுக்கு இது சிக்கலாகவே தெரியாது, படிக்கிறவர்களைத்தான் மடக்கிப்போடும். 'கொழுந்து' என்ற சொல்லை எடுங்கள். கொப்பியில் எழுதும்போது முதலில் கொம்பு போடுகிறோம், பிறகு 'க', பிறகு கால். போனில் அப்படியில்லை. முதலில் 'க' வை அமர்த்த வேண்டும், அதற்குப் பிறகுதான் 'ஒ' வுக்கான குறி. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் போனே கொண்டுபோய் வைத்துவிடும். கைக்குப் பழகின வரிசை வேறு, காதில் கேட்கிற வரிசை வேறு. போன் காதின் வரிசையைப் பிடிக்கிறது. 'கெ', 'கே', 'கை', 'கொ', 'கோ' எல்லாம் இப்படித்தான். இதைச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அந்த அம்மா கொம்பைத் தேடித்தேடிக் களைத்துப்போய், "எனக்கு இது சரிவராது தம்பி" என்று போனை வைத்துவிடுவார். 247 எழுத்துக்கும் 247 கட்டை கீபோட்டில் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று பலகையில் படித்ததைத்தான் அங்கே விரலால் செய்கிறோம். உண்மையில் உயிர்மெய்ப் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

இன்னொன்று, கை. கொழுந்து பறித்துப் பறித்துக் காய்த்துப்போன விரலை டச் போன் சில நேரம் உணராது. மண்வெட்டி பிடிக்கிற கைக்கும் அப்படித்தான். அது உங்கள் பிழையல்ல, காய்ந்து தடித்த தோலை அந்தக் கண்ணாடி சரியாக அறிவதில்லை. கையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போது, காய்ப்பு இல்லாத விரலால் தொட்டுப் பாருங்கள். எழுத்தின் அளவையும் செட்டிங்கில் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் கஷ்டப்படுகிறவர்களை மக்குகள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இனி முக்கியமானது. முதல் குறிப்பாக எதை எழுதுவது? பல வகுப்புகளில் "காலை வணக்கம்" எழுதவைக்கிறார்கள், பூப் படம் போடவைக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் அதற்காக ஒரு அம்மா நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு இரவு வகுப்புக்கு வருவாரா? முதல் குறிப்பு அவருடைய சொந்தக் கணக்காக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் என்றால், திகதி, எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா. இந்த மூன்றும் போதும். "12, 19 கிலோ, முழுப்பேர்." ஒரு நாளைக்கு ஒரு வரி. தண்ணீருக்கு என்றும் சாக்குக்கு என்றும் கழித்த கிலோவையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். மாசம் முடிந்து சம்பளத் துண்டு வந்ததும் அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் சந்தோசம். ஒத்துவராவிட்டால், "போன மாசம் 18ந் திகதி எனக்குப் பேர் விழவில்லை" என்று திகதியோடு போய்க் கேட்கலாம். பல வருடமாகச் சம்பளச் சண்டைகளுக்கு நடுவில் நின்றவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: "எனக்குக் குறைத்துவிட்டார்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஆபீசில் பதில் வராது. திகதி சொன்னால் செக்ரோலைத் திறந்தே ஆகவேண்டும். அதேபோல ஈ.பி.எப். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், தோட்டம் 12 வீதம் போட வேண்டும், ஈ.ரி.எப். இற்கு இன்னும் 3 வீதம் தோட்டமே போட வேண்டும். துண்டில் அந்த இலக்கம் எந்த இடத்தில் இருக்கிறது என்று வாசிக்கப் பழகுவதும் எழுத்தறிவுதான்.

வவுனியாவில் இருக்கிறவர்களுக்குத் தேயிலைக் கணக்கு இல்லை. ஆனால் குழுக்கடன் இருக்கிறது. வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிப்போகிற கடன் எத்தனை குடும்பத்தை அலைக்கழித்தது என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அப்படி ஒரு அறிவித்தல் வருகிற நேரத்தில் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு கட்டினோம், மிச்சம் எவ்வளவு என்று வாயால் சொன்னால் போதாது. கடன் கொடுத்தவர் எழுதுகிற காட் ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் நாம் எழுதுகிற கணக்கும் ஒன்று இருக்க வேண்டும். கட்டின அன்றே, கட்டினவர் கையாலேயே: திகதி, தொகை, வாங்கினவர் பெயர்.

இதையெல்லாம் கொப்பியில் எழுத முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், எழுதத்தான் வேண்டும். ஆனால் இங்கே இருக்கிறவர்களுக்குக் கொப்பிக்கும் பத்திரத்துக்கும் என்ன நடந்தது என்று தெரியும். மழையில் நனைந்தது, ஓடும்போது விட்டுவிட்டு வந்தது, பங்கருக்குள் செல்லரித்தது. மலையகத்தில் மண்சரிவு வந்தால் லயத்தோடு பெட்டியும் போய்விடுகிறது. போனில் எழுதியது கூகிள் கணக்கோடு சேர்ந்து வெளியிலும் ஒரு பிரதியாக இருக்கும். போன் தொலைந்தாலும் வேறு போனில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தவறுதலாக அழித்துவிட்டால் 7 நாட்களுக்குள் குப்பைத் தொட்டியைத் திறந்து மீட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு கிடைக்காது. பிறப்புச் சான்றிதழ், கிளினிக் காட் போன்றவற்றைப் படமெடுத்தும் அதில் வைக்கலாம். அடையாள அட்டைப் படத்தை மட்டும் கேட்கிற எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இந்தக் கூகிள் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. போன் வாங்கிய கடையில் ஒரு பையன் திறந்து கொடுத்திருப்பான். பாஸ்வேர்ட் அவனுக்குத்தான் தெரியும், அவனும் மறந்திருப்பான். சில வீடுகளில் அம்மாவின் போனில் மகனின் கணக்கு இருக்கும். அம்மா கடன் கணக்கு எழுதினால் மகன் கொழும்பில் இருந்துகொண்டே பார்க்கலாம். பார்த்தால் என்ன என்கிறவர்கள் அப்படியே விடலாம். வேண்டாம் என்கிற அம்மாமாருக்கு அவர்கள் பெயரிலேயே புதுக் கணக்குத் திறந்துகொடுங்கள். பாஸ்வேர்டை அவரே யோசித்து, அவர் கையாலேயே கொப்பியில் எழுதட்டும். படிப்பிக்கிறவர்கள் அதைக் கேட்கவும் கூடாது, எழுதி வைத்துக்கொள்ளவும் கூடாது.

அடுத்த வகுப்புக்கு வரும்போது போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். கடைசியாக வந்த சம்பளத் துண்டையோ கடன் காட்டையோ மறக்காமல் கொண்டுவாருங்கள். கொப்பியும் பேனையும் வழக்கம்போல வேண்டும். போன் இல்லாதவர்கள் கொப்பியில் அதே கணக்கை எழுதலாம், அவர்களுக்கும் அதே பாடம்தான்.