சபையைப் பூட்டிவிட்டுச் சனநாயகம் பேசுவோர்

(கிளிநொச்சியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நீதிமன்றத்தில் தவணை கேட்பது எங்கள் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. சாட்சி வரவில்லை, உறுதி கைக்குக் கிடைக்கவில்லை, சட்டத்தரணிக்குச் சுகமில்லை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆயினும், வழக்கு எவனுக்குப் பாதகமாகத் திரும்புகின்றதோ அவனே அடிக்கடி தவணை கேட்கின்றான் என்பதை எந்த நீதவானும் அறிவார். பாராளுமன்றத்தின் நீண்ட விடுமுறைகளையும் நாம் இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

உறுப்பினர்கள் இளைப்பாறுவதைக் குறை கூற நான் இங்கு வரவில்லை. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களை வந்து காண்பதற்கு அவர்களுக்கு நாள் வேண்டும்; வந்து கண்டால் மெத்த நன்று! என் முறைப்பாடு வேறு. சபை கேள்வி கேட்கப் போகும் வேளையில் சபையை மூடுகின்றார்கள். மூடியவனை எதிர்த்து முழங்கியவன், திறப்பு தன் கைக்கு வந்ததும் அதே பூட்டை எண்ணெய் பூசிக் காக்கின்றான்.

அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளிக்கின்றது. இரண்டு மாதத்துக்கு மேற்படலாகாது என்பது எல்லை. ஏன் மூடுகின்றாய் என்று அவ்வுறுப்புரை கேட்பதில்லை. சபையின் சம்மதத்தையும் வேண்டுவதில்லை.

2001 ஜூலையில் சந்திரிகா அம்மையாரின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்து நின்றது. நம்பிக்கையில்லாப் பிரேரணை காத்திருந்தது. ஜூலை 10ஆம் நாள் பாராளுமன்றம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு மூடப்பட்டது. அந்த இடைவெளியிலேதான், ஜூலை 24இல், கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல் நிகழ்ந்தது. நாட்டையே உலுக்கிய அந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதற்குச் சபை இருக்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி வீதியில் இறங்கிற்று. சனநாயகம் கொலையுண்டது என்று கூவிற்று. அது நியாயமான கூக்குரலே. 2003 நவம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்த வேளையில், பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுக்களைப் பறித்த கையோடு அம்மையார் மறுபடியும் சபையை மூடினார். மறுபடியும் கூக்குரல்.

பின்னர் 2015 வந்தது. கூவியவர்கள் ஆட்சிப்பீடம் ஏறினர். ஏப்ரலில் 19ஆவது திருத்தத்தை நிறைவேற்றினர். பாராளுமன்றத்தை நான்கரை ஆண்டுக்கு முன்னர் தன்னிச்சையாகக் கலைக்க முடியாதபடி ஜனாதிபதியின் கையைக் கட்டினர். நல்ல காரியம். ஆனால், கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரத்தில் அவர்கள் கை வைத்தார்களா? வைக்கவில்லை! இரண்டு முறை தம்மை அடித்த பிரம்பை முறிக்க வேளை வாய்த்தபோது, அதனைத் துடைத்து மூலையில் சாத்தி வைத்தனர்.

மூன்றரை ஆண்டு செல்லவில்லை. 2018 ஒக்டோபர் 26இல் மைத்திரிபால சிறிசேன, மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். மறுநாள், யாருக்குப் பெரும்பான்மை என்று எண்ணிப் பார்க்க இடமின்றி, நவம்பர் 16 வரை சபையை மூடினார். நவம்பர் 9இல் கலைத்தும் விட்டார். கலைத்தது சட்டவிரோதம் என்று ஏழு நீதியரசர்கள் டிசெம்பர் 13இல் ஒருமனதாகத் தீர்த்தனர். கலைப்பதற்குப் பூட்டு இருந்தது. நீதிமன்றம் அதைக் காட்டிற்று. முடித்துவைப்பதற்கோ பூட்டு இல்லை. அந்நாட்களில் அலரி மாளிகையை விட்டு அகலாமல், "சபையைக் கூட்டுங்கள்" என்று கோரி நின்றவர் ரணில் விக்கிரமசிங்க. அவரே ஜனாதிபதியாகி, 2023 ஜனவரியில் தாமே கூட்டத்தொடரை முடித்துவைத்தார். பன்னிரண்டு நாட்களே, 2018இல் நடந்த கபடத்தோடு அதனை நான் ஒப்பிடேன். ஆயினும், அதற்குச் சில மாதத்துக்கு முன், 2022 ஒக்டோபரில், 21ஆவது திருத்தம் நிறைவேறியபோதும் இந்த அதிகாரம் தீண்டப்படவில்லை என்பதை மறக்கலாகாது. வேண்டாத ஆயுதமென்றால் ஏன் வைத்திருக்கின்றீர்கள்?

கமக்காரப் பெருமக்களே, கொழும்பில் கதவு மூடினால் எங்கள் வயலுக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2021ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் தடுத்தார்கள். நவம்பரில் தடையை நீக்கியபோது காலபோக விதைப்பு முடிந்திருந்தது. டிசெம்பரில் இரணைமடுவின் கீழ்ப் பயிர் வெளிறி நின்றது, யூரியா இல்லை. டொலரும் தீர்ந்துகொண்டிருந்தது. இந்நிலையில் டிசெம்பர் 12 நள்ளிரவோடு கோட்டாபய ராஜபக்ச சபையை மூடினார். அரச நிறுவனங்களின் கணக்கைத் துருவிக்கொண்டிருந்த கோப் குழுவும் அதனோடு செயலிழந்தது. ஐந்து வாரத்தின் பின், 2022 ஜனவரி 18இல் சபை திறந்த அதே நாளில், 50 கோடி டொலர் கடன்முறி முதிர்ந்து, பணம் வெளியே போயிற்று. அதைக் கட்டுவதா, மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்திருப்பதா என்ற வாதம் பத்திரிகைகளில் நடந்தது. மக்கள் சபையில் அந்த ஐந்து வாரமும் நடக்க வழியில்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதென்று அரசாங்கமே அறிவித்தது.

இனி எம்மவரைப் பற்றி. அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராதவரின் ஆசனம் வெறிதாகும் என்கிறது 66ஆம் உறுப்புரை. 1983இல் ஆறாவது திருத்தத்தின் சத்தியத்தைச் செய்ய மறுத்துச் சபைக்குச் செல்லாத அமிர்தலிங்கம் முதலானோர் ஆசனங்களை இழந்தனர். அதற்கு முன் 1972 ஒக்டோபரில் தந்தை செல்வா காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தலை 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது அன்றைய அரசாங்கம். பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அதிகப்படி வாக்குகளால் அவர் வென்றார். அவ்வெறும் ஆசனங்களுக்கு ஒரு பொருள் இருந்தது. ஆனால் இக்காலத்தில் மூன்று மாத விடுப்புப் பிரேரணையை ஒருவர் பிரேரிக்க, ஒருவர் ஆமோதிக்க, விவாதமின்றி நிறைவேறுகின்றது. எல்லாக் கட்சிக்கும் இந்த விருந்தில் இலை உண்டு. நோயாளிக்கு விடுப்புக் கொடுக்கட்டும். நோயில்லாதவர் எதற்காகப் போகின்றார் என்று எம்மவரில் எவரேனும் எழுந்து கேட்டதுண்டா?

மாகாண சபையின் கதை இதனினும் கசப்பானது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கினது அதற்கும் ஓராண்டு முன்னரே. 2017இல் தேர்தல் முறையை மாற்றும் சட்டமூலம் வந்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கை உயர்த்திற்று. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு; ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், 2025 பிறந்தபோதும் அந்த ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. தேர்தலை வை என்று மேடைதோறும் முழங்கிய கட்சிகளுள், அந்த 139 கைகளுள் எங்கள் கைகளும் உண்டென்று மக்களுக்குச் சொன்ன கட்சி எது?

அடுத்த முறை வேட்பாளர் உங்கள் முற்றத்துக்கு வரும்போது கதிரை கொடுங்கள், தேநீரும் கொடுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற ஆண்டு எத்தனை நாள் சபைக்குப் போனீர்? சபையின் சம்மதமின்றிச் சபையை மூடலாகாது என்று 70ஆம் உறுப்புரையைத் திருத்தத் தனியார் சட்டமூலம் ஒன்று கொண்டுவருவீரா? உமது கட்சி ஆளும் பக்கம் அமர்ந்தாலும் கொண்டுவருவீரா? மூன்றாவதற்கு அவர் சொல்லும் விடையைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதி வையுங்கள்.