மனம் இருக்கு, மார்க்கம்தான் அறுந்து போச்சு!

தலைப்பு: முதுகுத்தண்டில் அடிபட்டவரை மீண்டும் நடக்க வைப்பது மன உறுதியா? மருத்துவமா?
('மருத்துவமே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை)



எதிரணிப் பேராசிரியை அம்மா அருமையாப் பேசினாங்க. 'மனமிருந்தால் மார்க்கமுண்டு'ன்னு முடிச்சாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் இந்தப் பக்கம் பேச வந்தவன்னு! (சிரிப்பு)

ஐயா, முதுகுத்தண்டு என்பது முதுகெலும்புக்குள்ளே ஓடும் நரம்புக் கயிறு. நம்ம சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். 'காலைத் தூக்கு'ன்னு மூளை போடுற உத்தரவு அது வழியாத்தான் கீழே போகணும். 'காலில் முள் குத்திடுச்சு'ங்கிற சேதி அது வழியாத்தான் மேலே வரணும். கையிலே அறுந்த நரம்பு மெல்ல மெல்ல வளரும். ஆனா முதுகுத்தண்டுக்குள்ளே அறுந்த இழை தானா வளர்ந்து சேர்றதில்லை.

கரண்ட் ஆபீஸ்ல கரண்ட் இருக்கு. வீட்டுல பல்பு இருக்கு. நடுவுல ஒயர் அறுந்து கிடக்கு. பல்பைப் பார்த்து, 'தம்பி, கொஞ்சம் மனசு வை, எரிஞ்சிடலாம்'னு சொன்னா எரியுமா? (சிரிப்பு, கைதட்டல்) லைன்மேன் வரணும்யா! மனம் இருக்கு. மார்க்கம்தான் அறுந்து போச்சு!

சிரிச்சாச்சு. இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன். எங்க தெருவுல ஒரு பையன் தென்னை மரத்திலிருந்து விழுந்துட்டான். பதறி ஓடினவங்க கையை ரெண்டு பேர், காலை ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி ஆட்டோவுல மடக்கி உட்கார வச்சாங்க. பாசத்துல செஞ்சதுதான். ஆனா அது தப்பு. அடிபட்டவரை அசைக்காம, கழுத்தும் முதுகும் வளையாமப் பலகையிலே படுக்க வச்சுக் கொண்டு போகணும். அதுக்குத்தான் 108 ஆம்புலன்ஸ்.

பத்து நாள் கழிச்சுப் பார்க்கப் போனேன். ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துட்டு, வாத்தியார் இல்லையா, சும்மா வராம, 'மனசு வச்சா எழுந்திடலாம்டா'ன்னு சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். 'சார், மனசு வைக்காமலா இருக்கேன்? ராத்திரி பூரா என் கால் கட்டைவிரலை ஆடு, ஆடுன்னுதான் பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்' என்றான். எனக்கு அந்த நாற்காலியிலே உட்கார முடியல.

அந்தப் பையனுக்குத் தண்டு முழுசா சேதமாகல. சில இழைகள் மிஞ்சியிருந்தது. மிஞ்சினதைப் பழக்கினாங்க. முதல்ல சாய்வுக் கட்டில். படுத்தே கிடந்தவனைச் சட்டுனு நிமிர்த்தினா ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்திடும். அதனால கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்தணும். அப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்பது. காலிலே காலிப்பர். பிறகு வாக்கர். கடைசியில கைத்தடி. இன்னிக்கு அவன் ரெண்டு தடி ஊன்றி டீக்கடை வரைக்கும் போறான்.

ஆனா அவனுக்குப் பக்கத்துக் கட்டில்ல இன்னொரு பையன் இருந்தான். அதே வயசு, அதே வைராக்கியம். அவனுக்குத் தண்டு முழுசா சேதம். அவன் இன்னிக்கும் சக்கர நாற்காலியிலதான். அம்மா, உங்க கட்சிப்படி பார்த்தா நடந்தவனுக்கு மன உறுதி இருந்தது, நடக்காதவனுக்கு இல்லைன்னு ஆகுதே! அந்தப் பையனைப் பெத்தவ இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கிட்டிருந்தா, அவ மனசு என்ன பாடுபடும்? (அரங்கில் அமைதி)

முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் குண்டடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலேயே இறந்து போனார்கள். படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான் கொன்றன. போர்முனைக்குப் போனவனுக்கா மன உறுதி இல்லை? 1944-ல் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் பொறுப்பேற்றார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள் என்றார். சிறுநீரைச் சுத்தமாக வெளியேற்ற வழி செய்தார். பிழைத்தார்கள், ஐயா! 1948-ல் அவர் அங்கே தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்ஸ் ஆக வளர்ந்தது.

நெதர்லாந்துக்காரர் கெர்ட்-யான் ஒஸ்கம். 2011-ல் சீனாவில் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவர்கள் அவர் மூளையின் மேல்புறம் ஒரு கருவி, முதுகுத்தண்டின் மேல் ஒரு கருவி வைத்தார்கள். நடக்க நினைத்தால், அந்த நினைப்பைக் கணினி படித்துக் கீழே அனுப்பும். நடந்தார், படியும் ஏறினார். 2023-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. 'பார்த்தீங்களா, நினைப்புதான் நடக்க வச்சது'ன்னு அம்மா துள்ளுவாங்க. அம்மா, அந்த நினைப்பு 2011-லேயே இருந்தது! அதைக் காலுக்குக் கொண்டு சேர்த்தது மருத்துவம்! (பலத்த கைதட்டல்)

கடைசியா, வேலூர் டாக்டர் மேரி வர்கீஸை மன உறுதிக்கு உதாரணமாச் சொன்னீங்க. கும்பிடுறேன். 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவ்வளவு உறுதி இருந்தும் கால் திரும்பவில்லையே! அவர் என்ன செய்தார்? நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை உருவாக்கினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மன உறுதிக்கே உதாரணமான அந்த அம்மா, மத்தவங்களுக்காக உருவாக்கினது ஒரு மருத்துவ நிலையம், ஐயா! (நெடுநேரம் கைதட்டல்)

மன உறுதி வேண்டாம்னு நான் சொல்லல. தினமும் அந்தக் கம்பியைப் பிடிச்சு நிற்க அது வேணும். ஆனா அடிபட்டவன்கிட்டே போய் அதைக் கடனாகக் கேட்காதீங்க. 'மனசு வை'ன்னு சொல்றதுக்குப் பதிலா, 'வா, பயிற்சிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லுங்க. நடந்தாலும் நம்ம பிள்ளை, நாற்காலியில இருந்தாலும் நம்ம பிள்ளைன்னு சொல்லுங்க.

நடுவர் அவர்களே, தீர்ப்பு மருத்துவத்தின் பக்கமே அமையட்டும்!