காதுக்குள்ளே ஒரு சில்வண்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தொழிலில் முன்னேறுவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. அது சத்தம். அதைப் பற்றியே பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன்.

மேகமலைப் பக்கம் போனவர்களுக்குச் சில்வண்டுச் சத்தம் தெரியும். அந்தச் சத்தம் என் இரண்டு காதுகளிலும் 6 ஆண்டுகளாக இரவு பகல் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைக் காதிரைச்சல் என்போம். மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பார்கள். என்னுடையதில் கூடுதலாக ஒரு தொந்தரவு. வெளியே சத்தம் ஏறினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து ஏறும். குக்கர் விசில், எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தம், மிக்ஸி, இவையெல்லாம் ஊசி மாதிரி இறங்கும். பல் கூச்சம் மாதிரி இது காதுக் கூச்சம். இதற்கு ஹைபராகுசிஸ் என்று பெயர்.

தேனி அமைதியான ஊர், மலையடிவாரம், உங்களுக்கென்ன என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள். கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலை போகும் வண்டிகளின் ஏர் ஹாரன். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. போதாக்குறைக்கு, அகலப் பாதை வேலைக்காக 2010 கடைசியில் நின்றுபோன ரயிலும் 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் திரும்பி வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், அந்த ஹாரனைத் தவிர.

இது ஏன் வருகிறது என்பதைப் பொறியாளர் பாஷையில் சொல்கிறேன். பாட்டு ஓடாத ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைத் திருகினால் 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் வரும் அல்லவா? உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் நுண்ணிய முடிச்செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்தில் செத்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. சிக்னல் குறைந்ததும் மூளை தானே வால்யூமைத் திருகிவிடுகிறது என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அப்போது உள்ளே இருக்கும் இரைச்சலும் கேட்கிறது. வெளியே இருந்து வரும் சாதாரணச் சத்தமும் அளவுக்கு மீறிக் கேட்கிறது.

நல்ல காது உள்ளவர்களுக்கும் இந்த இரைச்சல் அடியில் இருக்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் கேட்கும் திறன் குறையாத 80 பேரை ஒலிபுகா அறையில் உட்கார வைத்தார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். முழு அமைதிதான் இரைச்சலுக்கு நல்ல விளைநிலம்.

சத்தம் ஆகவில்லை என்றால் காதை அடைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்குப் பரிசோதனை செய்த ஆடியாலஜிஸ்ட் முதல் நாளே அதைத்தான் எச்சரித்தார். 2003இல் வெளிவந்த ஃபார்ம்பி குழுவினரின் ஆய்வு இதற்குச் சான்று. நல்ல காது உள்ளவர்களில் சிலரை இரண்டு வாரம் காதடைப்பானோடும், சிலரைக் காதில் மெல்லிய இரைச்சல் தரும் கருவியோடும் இருக்கச் செய்தார்கள். அடைத்தவர்களுக்குச் சத்தம் முன்னைவிட அதிகமாக உறைத்தது. மெல்லிய ஒலியோடு இருந்தவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது. இருட்டறையில் இருந்தவனுக்கு வெயில் கண்ணைக் குத்துவது போலத்தான்.

ஆக, சத்தத்தோடு சண்டையும் கூடாது, சத்தத்தைக் கண்டு ஓடவும் கூடாது. எப்போது காதை மூடுவது, எப்போது திறப்பது என்று கற்றுக்கொள்வதுதான் வைத்தியத்தில் பாதி. நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, 85 டெசிபெல்லைத் தாண்டினால் மூடு. நூற்பாலையில் ஸ்பின்னிங் செட்டுக்குள், ஜெனரேட்டர் பக்கத்தில், தவிலுக்கு நேர் எதிரில், பட்டாசு வெடிக்கும் இடத்தில் காதடைப்பான் இல்லாமல் நான் நிற்பதில்லை. பஞ்சு வைத்தால் போதும் என்பார்கள். பஞ்சு பெரிதாக எதையும் தடுக்காது. மருந்துக் கடை நுரை அடைப்பானைச் சுருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே வைக்க வேண்டும்.

இரண்டாவது, அதற்குக் கீழே இருந்தால், எரிச்சலாக இருந்தாலும் திறந்தே வை. சந்தைக்கடை, பஸ் ஸ்டாண்டு டீக்கடை, வீட்டுச் சமையலறை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். முதலில் 5 நிமிடம், அப்புறம் 10 நிமிடம் என்று ஏற்றிக்கொள்ளலாம். மிக்ஸிக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு போடுங்கள். "மிக்ஸி போடப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடச் சொல்லுங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் பாதிதான் வலிக்கும். ரயில் ஹாரனும் அப்படித்தான். அது வரும் நேரம் மனப்பாடமானதும் திடுக்கிடுவது நின்றது.

மூன்றாவது, முழு அமைதியில் படுக்காதே. ராத்திரி ஃபேன் ஓடட்டும். ஆனி, ஆடியில் நம் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்றும் அதில் தென்னங்கீற்று சலசலப்பதும் இலவச மருந்து. முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் கரையோரம் நடப்பேன். வெளியொலி உள்ளொலியை மூழ்கடிக்க வேண்டாம். பக்கத்தில் கூட இருந்தால் போதும்.

நான்காவது, வாய் திறந்து சொல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்தான் வரம்பு. ஆனால் கோயில் பொங்கல் அன்றைக்குச் சட்டத்தை நீட்டினால் பகைதான் மிஞ்சும். எங்கள் தெருவில் மைக்செட் கட்ட வந்த பெரியவரிடம், "அண்ணே, எனக்குக் காதுல ஒரு கோளாறு. அந்தக் குழாயை மட்டும் மைதானத்துப் பக்கம் திருப்பிக் கட்டுவீங்களா?" என்றேன். "இம்புட்டுத்தானா தம்பி? திருப்பிட்டாப் போச்சு" என்று ஏணியில் ஏறிவிட்டார். குழாய் ஒலிபெருக்கியின் கூரான சத்தம் பெரும்பாலும் முன்பக்கம்தான் பாயும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும். நாம் படித்த பாடம்தான்.

பீத்தோவனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1801இல், 30 வயதில், தன் மருத்துவ நண்பர் வெகெலருக்கு ஒரு கடிதம் எழுதினார். காது இரவு பகல் இரைகிறது, மெல்லப் பேசினால் சொல் விளங்கவில்லை, யாராவது கத்தினால் தாங்க முடியவில்லை என்று அதில் சொல்கிறார். ஏறக்குறைய இரண்டாண்டாக நாலு பேர் கூடும் இடத்தைத் தவிர்த்து வருவதாகவும் எழுதுகிறார். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். காதிரைச்சலைவிட மனிதனைத் தின்பது இந்த ஒதுங்கல்தான். கல்யாணத்துக்குப் போவதில்லை, காதுகுத்துக்குப் போவதில்லை, அப்புறம் வீட்டிலும் பேச்சில்லை. என் மகளுக்கு 4 வயது. "அப்பாவுக்குக் காது வலிக்கும்" என்று யாரோ சொல்லி வைக்க, ஒருநாள் என்னிடம் வந்து, "அப்பா, நான் சத்தமாச் சிரிக்கலாமா?" என்று கேட்டாள். "சிரிம்மா, நல்லாச் சிரி" என்றேன். அந்தச் சிரிப்பு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது நான் மூடிக்கொள்ள வேண்டிய சத்தம் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இயர்ஃபோனில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 வைத்தால் 5 மணி நேரம்தான். நாளை நீங்கள் ஆலைக்குப் பொறுப்பாளராகப் போவீர்கள். உங்களுக்கு மட்டும் காதடைப்பான் வாங்காதீர்கள். மெஷின் பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

யாருக்காவது இரைச்சல் இருந்தால் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். இதை அடியோடு போக்கும் மாத்திரை இதுவரை இல்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைத் தொலைக்காதீர்கள். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ, தலை சுற்றினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். அதற்கான சிகிச்சைக்கு நாள் கணக்கு முக்கியம். வெகுதூரம் போக வேண்டாம், க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தூக்கம் போய் மனம் உடைந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எண்ணப் போக்கை மாற்றும் மனநலப் பயிற்சி இரைச்சலைக் குறைக்காவிட்டாலும் அது தரும் துன்பத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மாலையில் கலைநிகழ்ச்சி இருக்கிறது. நான் கடைசி வரிசையில், ஓரமாக உட்கார்ந்திருப்பேன். பழைய நண்பர்கள் தேடி வாருங்கள், பேசுவோம். கொஞ்சம் மெதுவாகப் பேசினால் போதும்.