கேட்காமல் கைமாறிய கோட்டை

 

திண்டுக்கல்லில் மேடை ஏறியவன் பூட்டையும் பிரியாணியையும் சொல்லாமல் இறங்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். சொல்லிவிட்டேன், கடன் தீர்ந்தது. இனி விஷயத்துக்கு வருவோம்.

உடன்படிக்கைகள், குடியரசு, நாடுகளின் வரலாறு என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். நான் அதை நம் மலைக்கோட்டை அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். 1755இல் இந்தக் கோட்டைக்கு பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தவர் ஹைதர் அலி. பின்னாளில் மைசூரையே ஆண்டவர், படை திரட்டவும் பணம் திரட்டவும் பழகியது இந்த ஊரில்தான். 1767இல் கோட்டையை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனி பிடித்தது. அடுத்த ஆண்டே ஹைதர் மீட்டார். 1783இல் மறுபடி கும்பெனி. 1784இல் மறுபடி மைசூர். 1790இல் மீண்டும் கும்பெனி. 1792இல் அது அவர்களுக்கே என்று எழுதி முடித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுக்குள் இத்தனை கைமாற்றம்! வரியை யாரிடம் கட்டுவது என்று இங்கிருந்த குடியானவன் எத்தனை முறை குழம்பியிருப்பான்?

1784இல் ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? கும்பெனிக்குத் திடீரென்று தர்ம சிந்தனை வந்துவிடவில்லை. கும்பெனியோடு நடந்த அந்தப் போரில் மைசூருக்குத் துணை நின்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய தளபதி புஸ்ஸி நம் கடலூரில் ஆங்கிலேயரோடு மோதிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து செய்தி வருகிறது: பிரிட்டனும் பிரான்சும் சமாதானமாகிவிட்டன. அமெரிக்கச் சுதந்திரப் போரை முடித்து வைத்த அதே சமாதானம்தான். கடலூரில் பீரங்கி நின்றது. துணையை இழந்த ஹைதரின் மகன் திப்புவும், பணம் வறண்ட கும்பெனியும் 1784 மார்ச் 11ஆம் தேதி மங்களூரில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் பிடித்ததை மற்றவரிடம் திருப்பிக் கொடுப்பது என்று ஏற்பாடு. திண்டுக்கல் திரும்பிப் போனது. அமெரிக்கா என்றொரு குடியரசு தலையெடுத்தபோது பாரிஸிலும் வெர்சாயிலும் எழுதிய காகிதம், நம் மலையில் பறந்த கொடியை மாற்றியிருக்கிறது!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் படையோடு சரணடைந்தவர் காரன்வாலிஸ் பிரபு. அந்த நாடு கைநழுவியது அவர் கண்முன்னே. அதே மனிதர் ஐந்தாண்டு கழித்து இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வருகிறார். அங்கே தோற்றவர் இங்கே திப்புவை ஜெயித்தார். 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டணத்தில் திப்பு தன் ராஜ்யத்தில் பாதியைக் கொடுத்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டத் தொகை. அது கட்டி முடியும் வரை பெற்ற பிள்ளைகள் இருவர் பிணை. அந்தச் சிறுவர்களைக் காரன்வாலிஸ் வரவேற்பதை எத்தனையோ ஓவியர்கள் வரைந்து தள்ளினார்கள். போர் நடந்த பூமியில் இருந்தவர்களை வரையத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

பாதி ராஜ்யம் என்றால் எதில் பாதி? பரப்பளவிலா, ஜனத்தொகையிலா? இரண்டிலும் இல்லை, வருவாயில். ஒவ்வொரு சீமைக்கும் ஆண்டுக்கு எத்தனை வராகன் தேறும் என்று பட்டியல் போட்டு, கும்பெனியும் அதன் கூட்டாளிகளான மராத்தியரும் நிஜாமும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கும்பெனியின் பங்கில் மலபாரின் கள்ளிக்கோட்டை, பாலக்காடு, அப்புறம் சேலம், நம் திண்டுக்கல். மனிதர்கள் அந்தக் காகிதத்தில் வராகனாகத்தான் இருந்தார்கள்.

மலபாரும் திண்டுக்கல்லும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. ஒட்டன்சத்திரம் பக்கம் விருப்பாச்சிப் பாளையம். அதன் தலைவர் கோபால நாயக்கர். 1772இல் கணவரை இழந்த ராணி வேலுநாச்சியார் சிவகங்கையை விட்டு வந்து தங்கியதும் இந்தச் சீமையில்தான். கர்நாடக நவாபின் கை அன்று இதுவரை நீளாது, காரணம் இது மைசூரின் எல்லை. 1792க்குப் பிறகு அந்த எல்லையே இல்லாமல் போனது. ஓட இடமில்லை என்று ஆனபோது பாளையக்காரர்கள் ஒருவருக்கொருவர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கோபால நாயக்கர் ஒரு கூட்டணி திரட்டினார். சிவகங்கையின் மருது சகோதரர்கள், வயநாட்டின் கேரள வர்மா, கன்னட நாட்டில் திரிந்து போரிட்ட தூந்தாஜி வாக் வரைக்கும் ஆள் போனது, ஓலை போனது. 1800 ஜூன் 3ஆம் தேதி கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று நாள் குறித்தார்கள். முயற்சி பலிக்கவில்லை. 1801இல் கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டார்கள். அக்டோபரில் திருப்பத்தூரில் மருதிருவருக்கும் அதே கதி. அதே 1801 ஜூலையில் கர்நாடக நவாபிடமிருந்து ஆட்சியையும் கும்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. ராஜாக்கள் செய்த உடன்படிக்கை புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது. பாளையங்கள் செய்த உடன்படிக்கையை அவர்களைத் தூக்கிலிட்டவர்களின் கடிதங்களிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, மறைக்கவில்லை.

ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிவிடுகிறேன், நேரம் இல்லை.

1952. குடியரசின் முதல் பொதுத் தேர்தல். திண்டுக்கல்லின் முதல் மக்களவை உறுப்பினர் யார்? கல்லூரிப் பிள்ளைகள் யாராவது சொல்வீர்களா? அம்மு சுவாமிநாதன். இந்திய தேசிய ராணுவத்தின் கேப்டன் லட்சுமியின் தாயார். அரசியல் நிர்ணய சபையில் இருந்த சில பெண்களில் ஒருவர். பிறந்த ஊர் ஆனக்கரை, மலபார். நினைவில் வைக்கச் சொன்னேனே! 1792இல் திப்பு எந்தப் பட்டியலில் மலபாரைக் கொடுத்தாரோ, அதே பட்டியலில் இருந்தது திண்டுக்கல். அன்று வராகன் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வரியாக இருந்த இரண்டு சீமைகள். ஒன்றில் பிறந்த பெண்மணி மற்றொன்றில் கைகூப்பி ஓட்டுக் கேட்டார். பூட்டுப் பட்டறைக்காரரும் தோல் ஷாப்புத் தொழிலாளியும் வரிசையில் நின்று போட்டார்கள். இந்த நிலத்தின் ஜனங்கள் எல்லோரையும் ஒருவர் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

அரசியல் சட்டம் பருமனாகிவிட்டது, கைப்பையில் போகிற அளவுக்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன் என்று அரசியல் நிர்ணய சபையிலேயே குறைப்பட்டவர் அந்த அம்மையார். 395 பிரிவுகள், குறைப்பட்டது நியாயம்தான். அந்தச் சபையும் எல்லா ஜனங்களும் ஓட்டுப் போட்டு வந்ததில்லை. அதில் பெரும்பாலோரை அனுப்பியவை சொத்தும் படிப்பும் பார்த்துத் தந்த வாக்குரிமையில் அமைந்த மாகாண சட்டசபைகள். இந்தக் குறையை மூடி மறைத்துவிட்டுக் குடியரசைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

அந்தப் பருமனான புத்தகம் என்ன செய்தது என்று பாருங்கள். 1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள். மேற்கு வங்கத்தில் பெருபாரி என்ற பகுதி. அதில் பாதியைப் பாகிஸ்தானுக்கு விடுவது என்று ஏற்பாடு. விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1960 மார்ச்சில் பதில் வந்தது: நாட்டின் மண்ணை வேறு நாட்டுக்குக் கொடுப்பதானால் பிரதமரின் கையெழுத்து போதாது, அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதே ஆண்டு ஒன்பதாவது திருத்தம் வந்தது. ஆனாலும் பெருபாரிக்காரர்கள் விடவில்லை. வழக்குக்கு மேல் வழக்கு, எதிர்ப்புக்கு மேல் எதிர்ப்பு. கடைசியில் 1974 மே மாதம் இந்திராவும், பாகிஸ்தானிலிருந்து பிரிந்த வங்கதேசத்தின் முஜிபுர் ரஹ்மானும் செய்த உடன்படிக்கையில் பெருபாரி இந்தியாவிலேயே தங்கியது. காரன்வாலிஸ் காலத்துத் திண்டுக்கல்லுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இருந்ததா?

கைதட்டாதீர்கள், இருங்கள். அடுத்த மாதமே, 1974 ஜூனில், இலங்கையோடு இன்னோர் உடன்படிக்கை. கச்சத்தீவு. 285 ஏக்கர், அவர்கள் பக்கம் போனது. திருத்தம் எதுவும் வரவில்லை. அது நம்முடையது என்று முடிவாகாத இடம், எல்லையை வரையறுத்தோமே தவிர எதையும் கொடுக்கவில்லை என்பது டெல்லியின் வாதம். தமிழகச் சட்டமன்றம் அந்த ஆகஸ்டில் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 1976இல் கடிதப் பரிமாற்றத்தோடு மீன்பிடிப்பும் முடிந்தது. 2008இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனார். அவர் ஆதாரம் காட்டியது பெருபாரித் தீர்ப்பை. டெல்லியின் வாதத்தில் சட்டம் இருக்கலாம். என் சந்தேகம் வேறு. வலையைப் போட்டு வாழ்கிற ராமேசுவரத்துக்காரரிடம் 1974இல் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அங்கே 1792இன் வாடை எனக்கு அடிக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மறுத்துப் பேசட்டும் என்று ஒலிபெருக்கியை ஒப்படைக்கிறேன்.